எத்தனை இலை போடலாம்?

போன ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளியில் எனக்கு வியர்த்த மாதிரி இந்தக் கோடையில் வேறு யாருக்கும் வியர்த்திருக்காது. காரணம் வெயில் இல்லை... சாம்பார்!

என் தங்கை வசந்தாவின் மகள் சுமதிக்கு உறுதி வார்த்தை, அதாவது நிச்சயதார்த்தம். நல்லம்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய்மாமன் என்று சாப்பாட்டு இலாகாவை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'விருந்தில் சோற்றை வீணாக்காதீர்கள்' என்று மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் உபதேசம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? தங்கைக்கு இருந்தது. அதுதான் வினை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபிகூடக் குடிக்க மாட்டார்கள். என்றைக்கு இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ, அன்றைக்குச் சம்மதம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தபோது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம வந்து கை நனைக்கிறோமுங்க" என்று சொல்லிப் போனார் மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வசந்தா ஒரு வாரத்தை ஓட்டினாள். ஏற்கெனவே ஒரு இடம் இதே கட்டம்வரை வந்து, இலை போட்ட பிறகு எழுந்து போயிருக்கிறது. அன்றைக்கு சுமதி அழுத அழுகை எங்கள் யாருக்கும் மறக்கவில்லை.

"எத்தினி பேரு வருவீங்கம்மா?" என்று அப்போதே கேட்டு வைத்திருந்தேன். "எழுவது எம்பது பேரு வருவோமுங்க" என்றார் ராஜம்மாள். எங்கள் ஆட்கள் அறுபது. ஆக, நூற்று நாற்பது இலை. கணக்கு சுலபம்தானே?

சமையல்கார மாதையனிடம் நூற்று நாற்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நூத்தி எழுவது" என்று வந்தது. எப்படி என்று கேட்காதீர்கள் – ஊருக்குத்தான் உபதேசம்!

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது. இறங்க இறங்க எண்ணினேன். முப்பத்து நாலு பேர்.

"இன்னொரு வண்டி பின்னால வருதுங்களா?"

"இல்லீங்க. இவ்ளோதான் நாங்க."

எண்பது பேர் வருகிறோம் என்றவர்கள் ஏன் முப்பத்து நாலு பேராக வர வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக இத்தனை பேர் போதும் என்றா?

தட்டு மாற்ற நல்ல நேரம் ஒன்றரை மணிக்கு மேல். அதற்குள் பந்தி. இலை போட்டாயிற்று. லட்டு, வடை, இரண்டு பொரியல், கூட்டு, அப்பளம்... மாதையன் கைவரிசையெல்லாம் காட்டியிருந்தார். நாங்கள் மாற்றி மாற்றி உபசரிக்கிறோம். அவர்களோ சோற்றை இலையில் இப்படித் தள்ளி, அப்படித் தள்ளி, கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் வாளியைக் கண்டதும் வரிசையாக இலைமேல் கையை வைத்து மறைக்கிறார்கள். "போதுங்க... போதுங்க..." ராஜம்மாள் ஒரு வடையைக் கிள்ளி, கிள்ளின இடத்திலேயே வைத்தார்.

வசந்தா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். முகத்தில் ரத்தமில்லை.

"அண்ணே, யாரும் சாப்புட மாட்டேங்கறாங்கண்ணே. இதுவும் போச்சாண்ணே?"

கதவுக்குப் பின்னால் சுமதி பட்டுப்புடவையோடு நின்றிருந்தாள்.

என்ன செய்வது? ஒன்றும் தோன்றாதபோது மனிதன் ஏதாவது ஒரு வேலை செய்வான். 'டிரைவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லையே' என்று வேனை நோக்கி நடந்தேன். அவர் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"வாங்க, சாப்புடலாம்."

"அய்யோ, வேணாங்க! இப்பத்தான் பாலக்கோடு தாண்டி ஒரு மாந்தோப்புல வண்டிய நிறுத்தி எல்லாரும் வயிறு முட்ட புளிசோறு தின்னோம். அங்க போயி யாரும் அதிகம் சாப்புடாதீங்க, அவங்களுக்குச் சிரமம்னு அம்மா சொல்லிக் கூட்டியாந்தாங்க." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னாங்க..."

சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். காலித் தூக்குப்போணிகள் ஐந்து!

அந்தப் போணிகளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் பந்திக்குத் திரும்பி, ராஜம்மாளின் இலை முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டேன்: "புளிசோறு எனக்கும் ஒரு வாய் மிச்சம் வெச்சிருக்கீங்களாம்மா?"

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தக்காளிக்கு வெலயே இல்ல, மண்டியில கூட கூடயா கொட்டறாங்கன்னு கேள்விப்பட்டோமுங்க. உங்க தங்கச்சி வூட்டுலயும் தக்காளிதான் போட்டுருக்காங்க. இந்த நேரத்துல எம்பது பேரு வந்து உக்காந்தா நல்லா இருக்குமுங்களா? அதான் பாதிப் பேர நிறுத்திட்டு வந்தேன்."

என் பின்னாலேயே வந்து நின்ற வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள். "தக்காளி வெல போவுலன்னு எங்கள எளப்பமா நெனச்சுருவீங்களோன்னு, நான் மாதையன்கிட்டத் தனியாச் சொல்லி இன்னும் முப்பது இல சேத்தேனுங்கம்மா!"

அவள் முப்பதா? அவள் புருஷன் சின்னசாமி தொண்டையைச் செருமினார். அவரும் தனியாகப் போய் இருபது சொல்லியிருந்தார். எல்லோரும் மாதையனைப் பார்த்தோம்.

"ஆளாளுக்கு வந்து காதுல சொன்னா நான் என்னாங்க பண்றது? பத்தாமப் போனா என் பேருதானுங்களே கெடும். நானும் ஒரு பதினஞ்சு சேத்துட்டேன்."

கூட்டிப் பாருங்கள். தொண்ணூற்று நாலு பேருக்கு இருநூற்று முப்பத்தைந்து இலைச் சாப்பாடு. அதில் முப்பத்து நாலு பேர் புளிசோறு சாப்பிட்டவர்கள்!

ராஜம்மாள் ரசத்தை ஊற்றச் சொன்னார். விலை போகாத தக்காளியெல்லாம் அந்த ரசத்தில்தான் இருந்தது. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டு, சுமதி நின்ற கதவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார்.

"கை நனஞ்சுது கண்ணு. போதுமா?"

கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. இந்த அழுகை எங்களுக்குப் பிடித்திருந்தது.

தட்டு மாற்றியதும், மாப்பிள்ளைப் பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாக்களை வேனில் ஏற்றினான். நேரே காய்கறி மண்டி. ஓசூர் போகும் லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களுக்கு அவனே பரிமாறினான். அங்கே யாரும் இலையைக் கையால் மறைக்கவில்லை. ஆனாலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தேங்காய் அரைத்த கூட்டு மூன்று மணிக்கே ஊசிப்போயிற்று. குழி வெட்டிக் கொட்டினோம். மழை பொய்த்த வருஷத்தில் முழுசாக ஒரு அண்டா... எழுதவே கூச்சமாக இருக்கிறது.

'எத்தனை பேர்?' என்று கேட்டால் நம்மில் யாரும் ஆள் கணக்கைச் சொல்வதில்லை. கௌரவத்தைச் சொல்கிறோம், பயத்தைச் சொல்கிறோம். ராஜம்மாளைப் போன்றவர்கள் இரக்கத்தைக்கூடச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளதைச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தால் அந்த அண்டா மிஞ்சியிருக்குமா?

ராஜம்மாள் இப்போது போட்டுவிட்டார். நேற்று இன்லண்ட் லெட்டர் வந்தது. 'கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் சரியாக நூற்றுப் பன்னிரண்டு பேர். வண்டி வழியில் எங்கும் நிற்காது. பசியோடு வருகிறோம்.'

படித்ததும் மனசு குளிர்ந்துபோய், மாதையனிடமும் படித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பசியோடன்னு எழுதியிருக்காங்களே... அப்ப ஒரு இருவது இல சேத்துக்கலாமுங்களா?"

நான் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை!