கிரகணத்துக்கு வெட்டிய படம்

ஆஸ்பத்திரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில் பெரிய காக்கி உறை. உள்ளே அன்று எடுத்த சி.டி. ஸ்கேன் படம் (உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டிப் பார்த்ததுபோல் காட்டுவது). இடப்பக்கம் திரும்பினால் கண்டோன்மென்ட் ரயில் ஸ்டேஷன். நேராகப் போனால் ஜீவனஹள்ளியில் அக்கா வீடு.

நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது, அது பழைய அளவிலேயே இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று போன படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும், நாளைக்கே கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் பழைய படத்தை நான் கத்தரித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஹூப்ளி, மங்களூர், சேலம் என்று லாரியிலும் ஹோட்டலிலும் வேலை பார்த்தேன். இருபத்தாறு வயதில், மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கியது. குனிந்தால் முகம் வீங்கியது. இருமல் மருந்து குடித்துக்கொண்டு திரிந்தேன். அக்காவைப் பார்க்க வந்தபோது அவள்தான் இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் பெரிய வெள்ளை நிழல்.

ஊசியால் சதை எடுத்துச் சோதித்து ஜெர்ம் செல் கட்டி என்றார்கள் (விந்தோ கருமுட்டையோ உண்டாக்க வேண்டிய செல்களில் வரும் புற்றுநோய்). ஆண்களுக்குப் பெரும்பாலும் விதையில் வரும். அங்கே அல்ட்ராசவுண்ட் (ஒலி அலையால் எடுக்கும் படம்) வைத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. வயிற்றில் கருவாக இருக்கும்போது இந்தச் செல்கள் நகர்ந்து தங்கள் இடத்துக்குப் போகுமாம். சில நடுவழியில் நின்றுவிடும், அபூர்வமாக அது பல வருடம் கழித்துக் கட்டியாகும் என்று டாக்டரம்மா விளக்கினார்.

“உன்ன மாதிரியேதான்டா அதுவும். ஒழுங்கா வூடு வந்து சேரத் தெரியல” என்றாள் அக்கா. டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு சுற்று கீமோ (கட்டியின் செல்களைக் கொல்லும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவது). முடி போனது, நாக்கில் ருசி போனது, விரல் நுனி மரத்தது. முடிவில் எடுத்த ஸ்கேனில் சிறு எச்சம் மட்டும் இருந்தது. செத்த சதையாக இருக்கலாம், மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுப்போம் என்றார்கள். எனக்கு ‘செத்த’ என்பது மட்டும் காதில் விழுந்தது. கட்டி செத்துவிட்டது, இனி அந்தப் படம் எதற்கு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் சூரிய கிரகணம். அக்கா இருக்கும் சந்தில் புத்தர் படம் மாட்டிய, சாஸ்திரம் பார்க்காத வீடுகள் அதிகம். கிரகணத்தில் சாப்பிடக் கூடாது, வெளியே வரக் கூடாது என்பவர்களுக்குக் காட்டவே தெருவில் அடுப்பு வைத்து இட்லி அவித்தார்கள். சூரியனைப் பார்க்க எல்லாரும் எக்ஸ்ரே படம் தேடினார்கள் (அது கண்ணுக்குக் கெடுதல் என்று பிறகுதான் தெரிந்தது). என்னிடம் இருந்ததுபோல் பெரிய, கறுப்பான படம் யாரிடமும் இல்லை. நானே கத்தரிக்கோல் எடுத்து வீட்டுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை அதற்குமுன் எங்கும் கிடைத்ததில்லை.

ஸ்கேன் எடுத்த இடத்தில் நகல் வைப்பதில்லை. ரிப்போர்ட்டிலும் ‘சிறு எச்சம்’ என்றுதான் இருந்தது, அளவு இல்லை.

அன்று உறையோடு ஸ்டேஷன் பக்கம்தான் முதலில் திரும்பினேன், வழக்கம்போல் வேறு ஊருக்கு ரயிலேறிவிடலாம் என்று. கொஞ்ச தூரத்தில் நின்று, மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்தேன். எந்த ஊரில் போய் இறங்கினாலும் இப்படித்தான் நின்று நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்தது. ஜீவனஹள்ளிக்கு நடந்தேன்.

துண்டுகளைக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அக்கா திட்டிக்கொண்டே கூட வந்தாள். மூன்று வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்கள். இரண்டு துண்டு கிடைத்தது. ஒன்றில் தோள், ஒன்றில் ஈரல். கடைசியாக, துணி இஸ்திரி போடும் தனம்மாக்கா வீடு. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் நான் கொடுத்த துண்டை ஒட்டி வைத்திருந்தார்.

“குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களாப்பா?”

“அதுலதான்க்கா என் நெஞ்சு இருக்குது.”

அவர் ஓரத்தை நகத்தால் மெதுவாக உரித்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் டாக்டரம்மா அந்தத் துண்டை விளக்குப் பெட்டியில் செருகினார். கன்னடக்காரர், யாரையும் மரியாதையாக ‘ரீ’ போட்டுத்தான் பேசுவார்.

“என்ன ரீ இது, யாரு வெட்டினது?”

“நான்தான் மேடம். கிரகணம் பாக்க.”

அவர் திட்டவில்லை. படத்தின் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அளவுக்கோடு இருக்கும். அதை வைத்துப் பழையதை அளந்தார், புதியதை அளந்தார், மறுபடி பழையதை அளந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“வளரல. அதே சைஸ். ஆனா இதோட விட முடியாது. இப்பிடியே அஞ்சு வருஷம் பாக்கணும்.”

இதைப் படிக்கும் நீங்களும் இப்படி ஒரு படத்தோடு அலைகிறவராக இருந்தால், பழையது ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். புதிய படம் தனியாக எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

அன்றிலிருந்து எனக்கு மாதக் கணக்கு இல்லை. மூன்று மாதம்தான் கணக்கு. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் ஒவ்வோர் இருமலையும் நின்று கேட்பேன். படம் பார்த்து முடித்த பிறகுதான் பசி எடுக்கும்.

படத்தை அளந்த மறுநாள் காலை மல்லேஸ்வரத்தில் ஒரு காபித்தூள் கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அதுவரை நான் மாதச் சம்பளத்துக்கு எங்கும் நின்றதில்லை. முதலாளி, வருகிறவனெல்லாம் பத்தே நாளில் ஓடிவிடுகிறான் என்று சலித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருநாள் லீவு வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன்.

“எத்தன நாளைக்கு இப்பிடி?”

“அஞ்சு வருஷம் சார்.”

“அப்போ அஞ்சு வருஷம் இருப்பேங்கறே.”

தலையை ஆட்டினேன். அவர் வறுத்த காபிக்கொட்டைச் சாக்கைக் காட்டி, முழுசாகத் தூக்க வேண்டாம், முறத்தில் அள்ளி அள்ளிக் கொட்டு என்றார். அரவை மெஷினைப் போட்டேன்.