மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாவது கணக்கில் ஊற்றிக்கொண்டவன் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்பது ஒன்று. ஊரில் எல்லாரையும் ஓட்டித் திரிகிற நான், இதில் என்னையே ஓட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. ஆனாலும் கடையில் ஏதாவது கலர் டிவியின் பின்மூடியைக் கழற்றும்போது, உள்ளே சுண்டுவிரல் நகம் அளவில் தகரப் பெட்டி போல மினுங்குகிற அந்தக் கிரிஸ்டல் கண்ணில் படும். அத்தோடு அன்றைக்கு வேலை ஓடாது. கூடுவாஞ்சேரி அண்ணன் வந்து மனதில் உட்கார்ந்துகொள்வார்.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில் இருந்தேன். அம்மா தவறியபின் அப்பா வேலூரில் அக்கா வீட்டோடு போய்விட்டார். பகலெல்லாம் டிவி ரிப்பேர் கடையில் வாய் ஓயாது. முதலாளியில் தொடங்கி டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டேன். அறைக்கு வந்து பூட்டைத் திறந்தால் பேச ஆள் கிடையாது. வீட்டிலிருந்தபடியே வானலையில் பேசிக்கொள்ள அனுமதி தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சையை இரண்டாம் தடவையில் பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கியிருந்தேன். கடையில் கழித்துப்போட்ட சாமான்களை வைத்து ஒரு செட் கட்டியிருந்தேன். தினமும் காலை ஆறரை மணிக்கு அதில் அரை மணி நேரம் பேச்சு. எதிர்ப்பக்கம் ஒரே ஆள், அண்ணன்.

அவர் கூடுவாஞ்சேரியில் டெய்லர். என்னைவிடப் பத்து பன்னிரண்டு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். இரண்டு பேரிடமும் போன் இல்லை. மின்சார ரயிலில் ஏறினால் அரை மணியில் அவர் வாசலில் நிற்கலாம். "ஒரு நாள் வாயேன்" என்பார் அவர். "நீங்க வாங்கண்ணா" என்பேன் நான். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அவர் கறுப்பா சிவப்பா, குள்ளமா நெட்டையா, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் குரல்தான். என் பழைய ரிசீவர் அகலமாகத் திறந்த வாசல் மாதிரி, எல்லாவற்றையும் உள்ளே விடும். அதனால் குரலுக்குப் பின்னால் அவர் காலால் மிதிக்கிற தையல் மெஷினின் கடகட சத்தம், காக்கா, பக்கத்து வீட்டு அடிபம்பு எல்லாம் சேர்ந்து வரும். கண்ணை மூடிக்கொண்டால் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அவர் செட்டில் ஒரு வியாதி உண்டு. வால்வு சூடாகச் சூடாக, டயலில் பேசுகிற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டே போகும். குரல் கீச்சென்று வாத்துக் குரலாக மாறும். நான் டயலைத் திருப்பிப் பின்னாலேயே ஓட வேண்டும்.

"இன்னாண்ணா, செட்டுக்குக் காலு மொளச்சிருச்சா? ஊரப்பாக்கத்துல ஆரம்பிச்சிங்க, இப்ப செங்கல்பட்டே வந்துடுச்சி" என்பேன்.

"நீயும் கூட வந்துகினுதான கீற, அப்புறம் இன்னா?" என்று சிரிப்பார்.

எனக்கு அதைவிடப் பெரிய தொல்லை ரயில். யூனிட் வண்டி ஒவ்வொன்றும் மேலே கம்பியில் பொறி தட்டும்போது ரிசீவரில் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும். பாதிப் பேச்சு அதில் போய்விடும். அதற்காகத்தான் ஃபில்டர் கட்ட உட்கார்ந்தேன். செத்த கலர் டிவிகளிலிருந்து கிரிஸ்டல்களைப் பிடுங்கி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற ஆறைப் பொறுக்கி, வரிசையாக வைத்துப் பற்றவைத்தேன். வேண்டிய குரலுக்கு மட்டும் ஒரு சன்னமான சந்து விட்டு, மீதியை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. பேச்சு புரிய அதிக அகலம் தேவையில்லை. நான் தேவைக்கும் கொஞ்சம் குறைவாகவே வைத்தேன். எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு சுத்தம் என்று நினைப்பு.

மாட்டுவதற்கு முந்தின நாள் காலையில் அவரிடம் பெருமையடித்தேன். "நாளையிலேருந்து புது ரிசீவர்ண்ணா. இனிமே உங்க பின்னாடி நான் ஓட மாட்டேன். நம்ம இடம் உங்களுக்குத் தெரியும், நீங்கதான் அங்க வந்து நிக்கணும்." வழக்கமாக உடனே பதில் வரும். அன்றைக்குக் கொஞ்சம் தாமதித்து, "சரி தம்பி" என்றார்.

மறுநாள் ஃபில்டரை மாட்டினேன். ரயில் போனது, பொரிகிற சத்தம் இல்லை. கழுவித் துடைத்த தரை போல அமைதி. கூப்பிட்டேன், அண்ணன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போனபின் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பேச்சுக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்தேன். டயலை ஒரு மயிரிழை நகர்த்தித் தேடியிருக்கலாம். ஓட மாட்டேன் என்று சொன்னவன் ஓடுவதா என்று கையைக் கட்டிக்கொண்டேன். ரயில் ஏறிப் போனால் மன்னிப்புக் கேட்கப் போன மாதிரி ஆகிவிடுமே என்று அதையும் செய்யவில்லை. ஆனால் ஆறரைக்கு உட்காருவதை மட்டும் என்னால் விட முடியவில்லை. கூப்பிடுவேன். கொஞ்சம் காத்திருப்பேன். "டெய்லரு இன்னும் பாய விட்டு எழுந்திருக்கல போல" என்று காற்றைப் பார்த்துக் கிண்டல் செய்துவிட்டு அணைப்பேன். இப்படியே ஐந்து வாரம் போனது. அந்த நாட்களில் கடையில் முன்பைவிட அதிகமாகப் பேசினேன். முதலாளி ஒருநாள், "இன்னாடா, வூட்டுல சண்டையா?" என்று கேட்டார். சண்டை போட வீட்டில் யார் இருந்தார்கள்?

பிறகு கிரிக்கெட் மேட்ச் சமயத்தில் ஒரு டிவி வந்தது. படம் உண்டு, கலர் இல்லை. கலரை வரவைக்கும் கிரிஸ்டல் போயிருந்தது. டிவியைக் கொண்டுவந்தவர் கடையை விட்டு நகர மாட்டேன் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அறைக்கு ஓடி ஃபில்டரிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம், புதுசு கிடைக்கும்வரை என்று, ஃபில்டரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு கம்பியைப் பாலமாகப் போட்டு வைத்தேன். செட் பழையபடி வாயைத் திறந்துகொண்டது.

மறுநாள் ஆறரைக்குக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். ரயில் பொரிந்தது. அது ஓய்ந்ததும் ஒரு வாத்து பேசிக்கொண்டிருந்தது. டயலைத் தொட்டேன். ஒரு மயிரிழை, மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்தக் குரல் சரியாக வந்து உட்கார்ந்தது. பின்னால் கடகடவென்று மெஷின்.

"...நேத்து ஏரியல் கம்பிய மாத்திக் கட்டிப் பாத்தேன் தம்பி. போன வாரம் வால்வும் மாத்தியாச்சி. இன்னிக்கும் உனக்குக் கேக்காதுன்னு நினைக்கிறேன், பரவால்ல. பக்கத்து வூட்டு முருங்க மரம் முறிஞ்சி வேலி மேல வுழுந்துடுச்சி, ஒரே பேஜாரு. நீ டிபன் சாப்ட்டு கடைக்குப் போ. ஓவர்."

ஓவர் என்றால், நான் முடித்துவிட்டேன், இப்போது நீ பேசு என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். மெஷின் சத்தம்கூட நின்றிருந்தது. ஐந்து வாரமாக ஒவ்வொரு காலையும் இப்படி ஓவர் சொல்லி நிறுத்தியிருக்கிறார். நான் இந்தப் பக்கம், அவர் பாயை விட்டு எழவில்லை என்று கிண்டல் செய்துவிட்டு அணைத்திருக்கிறேன். அவருடைய ரிசீவரும் அகலமானதுதான். என் குரல் அதில் நன்றாகவே விழும். அதனால், நான் கூப்பிடும் முன்பே செட் சூடாகித் தள்ளிப் போயிருப்பது தெரியாமல், தானும் என் இடத்தில்தான் நிற்பதாக அவர் நம்பியிருக்கிறார். கோளாறைத் தன் செட்டிலேயே தேடியிருக்கிறார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மைக்கை அழுத்தினேன். இந்த முறை ஓட்டவில்லை.

"அண்ணா, கேக்குது. உங்க செட்டுல ஒண்ணும் இல்ல. நான்தான் ரொம்ப ஒடுக்கமா ஃபில்டர் கட்டி உங்கள வெளிய நிறுத்திட்டேன். தேடவும் இல்ல. அஞ்சு வாரமா யாருமே பதில் சொல்லாம தனியா பேசவிட்டுட்டேண்ணா உங்கள. ஓவர்."

அப்புறம் அண்ணன் சொன்னார்:

"எனக்குத்தான் உன் குரல் தினமும் கேட்டுச்சே, தனியா இருந்தது நீதான்டா தம்பி."