பச்சை தெரியாத பக்கம்

மாதவிடாய் நின்று நான்கு வருடம் கழித்து, ஃபேக்டரி கழிவறையில் ஒரு சொட்டு இரத்தம் பார்த்தேன். மலேசியாவில், குளுவாங்கில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு பலகையில் குறை தெரிந்தாலும் அதோடு சேர்ந்து வந்த லாட் முழுவதையும் நிறுத்திவிடுவேன். என் உடம்பை மட்டும், ஒரு சொட்டுதானே என்று பாஸ் பண்ணிவிட்டேன். மூன்று மாதம் வீணாகப் போயிற்று. நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பயாப்சியில் (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) கருப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று தெரிந்தது. கருப்பையை எடுத்தாக வேண்டும். நோய் வெளியே பரவிவிட்டதா என்று அறிய நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளை வடிகட்டும் மொச்சை அளவு முடிச்சுகள்) சோதிக்க வேண்டுமாம்.

"எத்தனை சாம்பிள் எடுப்பீங்க, டாக்டர்?" என்றேன். ஜொகூர் பாருவில் எனக்கு வாய்த்த டாக்டர் தமிழ்ப் பெண். சிரித்துவிட்டார்.

"உங்க ஃபேக்டரி மாதிரி கைக்கு வந்தத எடுக்க மாட்டோம்மா. கருப்பை வாயில பச்சைச் சாயம் ஊசி போடுவோம். ரெண்டு பக்கமும் அது முதல்ல எந்தக் கணுவுக்குப் போய்ச் சேருதோ, அத எடுப்போம். நோய் பரவினாலும் பெரும்பாலும் அங்கதான் முதல்ல போகும்."

"சாயம் ஓடலைன்னா?"

"அந்தப் பக்கக் கணுவையெல்லாம் மொத்தமா எடுக்கணும். அப்புறம் நீர் வடியாம அந்தப் பக்கக் கால் வீங்கலாம்."

பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பச்சையை நான் பார்க்க முடியாதே என்றும் வருத்தமாக இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும், "பச்சை தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்டேனாம். வலப்பக்கம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. இடப்பக்கம் மறுபடி ஊசி போட்டும் தெரியவில்லை. அங்கிருந்த கணுக்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. ஒரு கணுவிலும் நோய் இல்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ இடப்பக்கம் எடுத்ததெல்லாம் வேஸ்ட்டா, டாக்டர்?"

"எடுத்ததாலதானே இல்லைன்னு சொல்ல முடியுது."

நல்ல பலகையை உடைத்துச் சோதிக்கும்போது நானும் இதைத்தான் சொல்வேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். மணி பார்ப்பதில்லை, மதியம் ஆனதை இடது கால் வீங்கிக் கனத்துச் சொல்லிவிடுகிறது. போன வாரம் ஸ்டோரில் புது சேஃப்டி ஷூ கேட்டேன், இடதுக்கு ஏழு, வலதுக்கு ஆறு.

"அலமாக்! ரெண்டு பெட்டி பிரிக்கணும்லா, அக்கா. மிச்சமாகுற இடது ஆறையும் வலது ஏழையும் யாரு போடுவா?" என்றார் ஸ்டோர்காரர்.

"வலப்பக்கம் பச்சை தெரியாத ஒருத்தி வருவா, தம்பி. எடுத்து வைங்க."