தண்ணிக்குப் பயந்த மாமா

போன மாதம் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் கதை எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் கதாபாத்திரங்களை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். முதலில், முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் தாய்மாமா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலில் இருந்தார். மேலகரத்தில் எங்கள் வீட்டோடு இருந்தவர். சாரல் தொடங்கிவிட்டால் காலையிலேயே எண்ணெய்ப் பாட்டில்களோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஊரார் உடம்பையெல்லாம் பிசைந்து அருவிக்கு அனுப்புகிறவர், தான் மட்டும் அருவியில் குளித்து யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழாயடியில் இரண்டு வாளி, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில், ஆண்டுவிழாவுக்குச் சொந்தமாக ஒரு கதை எழுதி மேடையில் வாசிக்க வேண்டும் என்றார் தமிழய்யா. நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க நோட்டும் பென்சிலுமாகப் பாறை மறைவில் உட்கார்ந்து அவரைக் கண்காணித்தேன். குளிக்கப் போகிறவர்கள் வாட்ச், மோதிரத்தை வேட்டியில் சுருட்டி அவரிடம் கொடுத்துவிட்டுப் போவதையும், அவர்கள் திரும்பும்வரை அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் இருப்பதையும் பார்த்தேன். அதில் சிரிப்பு எதுவும் இல்லாததால் எழுதிக்கொள்ளவில்லை. ஏன் குளிப்பதில்லை என்று அவரையே கேட்டிருக்கலாம். கேட்டால் கதை கெட்டுப்போகுமே. பயம்தான் என்று நானாக முடிவுகட்டி, அருவியைக் கண்டதும் அவரை மரத்தில் ஏற்றி, சுற்றிலும் குரங்குகளை உட்காரவைத்துச் சிரிக்கவிட்டேன்.

மேடையேறிப் பார்த்தால் முன்வரிசையில் அம்மா. பக்கத்தில், அன்றைய வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மாமா. மயங்கி விழலாமென்றால் எந்தப் பக்கம் விழுவதென்று தெரியவில்லை. சமாளித்துத் தலைப்பிலேயே மாமாவைச் சித்தப்பா ஆக்கினேன். மூன்றாவது வரியில் மறந்துபோய் மறுபடியும் மாமா ஆகிவிட்டார். மேலகரமே திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாதான்.

"மரத்துல ஏறுத இடம் பிரமாதம்லே" என்றார், சைக்கிளில் திரும்பும்போது. கொஞ்ச தூரம் போனதும், "எனக்குப் பயம்னு யாருலே சொன்னா?" என்றார். நானாகத்தான் என்றேன். அவர் பெடலை அழுத்தி மிதித்தார்.

ஊர் பேசியது. டீக்கடையில் அவர் முன்னால் தம்ளரை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, தண்ணி குடிக்கியளா, இல்ல பயமா இருக்கா?" என்றார்கள். ஒரு வாரம் பொறுத்தவர் அந்த ஞாயிற்றுக்கிழமை, "வாலே, காட்டுதேன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆலங்குளத்துக்காரர் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மூட்டையை மாமாவிடம் கொடுத்துவிட்டு அருவிக்குப் போனார். மாமா அதை என் மடியில் வைத்தார். "கண்ண எடுக்காதலே" என்று சொல்லிவிட்டுப் போய் அருவிக்குள் நின்றார். தலையில் தண்ணீர் மோதித் தெறிக்க, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். என் கதாபாத்திரம் நான் எழுதாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. மரத்துப்போன காலை உதறி எழுந்து, மூட்டையைப் பாறையில் வைத்துவிட்டு, கைதட்டிக்கொண்டே கிட்டே ஓடினேன். திரும்பி வந்தபோது பாறைதான் இருந்தது.

"உம்மகிட்டதானவே குடுத்துட்டுப் போனேன்! குளிக்கப் போனேன்னு வாய்கூசாம சொல்லுதீரே?" என்று ஆலங்குளத்துக்காரர் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. நான் மாமாவின் ஈரத் துண்டைப் பிடித்தபடி, என்னைச் சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். "நாந்தான் கவனிக்காம இருந்துட்டேன் சார்" என்றார் மாமா. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

செய்தி லாட்ஜ்களுக்கெல்லாம் போய்விட்டது. அதன்பிறகு யாரும் அவரிடம் ஒரு துண்டைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை. சீசன் முடியுமுன்பே அவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார். தண்ணிக்குப் பயந்து மாமா ஊரைவிட்டே ஓடிவிட்டதாக நான் இரண்டாம் பாகம் எழுதி வகுப்பில் வாசித்தேன். நன்றாகத்தான் சிரித்தார்கள்.

ஏன் குளிப்பதில்லை என்று நான் கேட்காத கேள்விக்கு மாமா என் மடியிலேயே பதிலை வைத்துவிட்டுப் போயிருந்தார். மூட்டையோடு உட்கார்ந்து கால் மரத்துப்போகிறதே, எப்போது எழுந்திருக்கலாம் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.