ரீஸ்டார்ட் சாரின் விடுமுறை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளம் போடுகிறவரைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் ரீஸ்டார்ட் சார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் அடிக்கும் மென்பொருளைத் தினமும் மத்தியானம் நிறுத்தி, மறுபடி ஓடவிடுவது அவர் வேலை.

அந்த மென்பொருளுக்கு ஒரு வியாதி. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கணினியின் மெமரியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராது. காலையில் துள்ளிக்கொண்டு கிளம்புவது மத்தியானத்துக்குள் மூச்சு முட்டி நிற்கும். இதை மெமரி கசிவு என்பார்கள். எங்கே கசிகிறது என்று தெரியாததால், முழுசாக நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் வைத்தியம். எல்லாத் தடங்களையும் கட்டணங்களையும் ஏற்றிக்கொண்டு அது எழுந்திருக்க அரை மணி நேரமாகும்.

வேறு யாரும் இதைச் செய்ய முடியாதா என்றால், மேலாளர் ஒருமுறை செய்து பார்த்தார். செய்யவேண்டிய வரிசை மாறிப்போய், மென்பொருள் ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டது. இருவருமே கனத்த உடம்புக்காரர்கள். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் சாருக்கு லீவு கிடையாது.

இந்த நிலையில் அவர் மனைவியின் அண்ணன் கடலோரத்தில் வீடு கட்டினார். வாருங்கள், ஒரு வாரம் தங்குங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கூப்பிடுவதையே விட்டுவிட்டார். மனைவிக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் சொல்றது எதுவும் உங்க மனசுல தங்க மாட்டேங்குது. உங்க மென்பொருளுக்கு எதுவும் மறக்க மாட்டேங்குது. ரெண்டு பேரையும் கலந்து பாதியாப் பிரிச்சிருக்கலாம்."

மறுநாள் அவர் லீவு கேட்டு மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"கசிவைக் கண்டுபிடி. அன்னைக்கே லீவு எடுத்துக்கோ," என்றார் மேலாளர். கசிவு கிடைக்காது என்ற தைரியம்.

முதலில் அவர் தேடிப் பிடித்த கருவி, ஒவ்வொரு துண்டு மெமரியையும் யார் வாங்கினார், திருப்பித் தந்தாரா என்று கூடவே நின்று விசாரிப்பது. சோதனைக் கணினியில் போட்டார். ஒரு டிக்கெட் வெளியே வருவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கருவி தீர்ப்புச் சொன்னது: கசிவே இல்லை. அவர் விடவில்லை. அந்தக் கருவி எந்த அர்த்தத்தில் 'கசிவு' என்கிறது என்று உட்கார்ந்து படித்தார். கேட்பாரற்றுக் கிடக்கும் மெமரியை மட்டும்தான் அது கசிவு என்று எண்ணுமாம். எங்களிடம் கிடந்ததற்கெல்லாம் யாரோ சொந்தக்காரர் இருந்தார்.

இரண்டாவது கருவி, அதிகமாக இடம் கேட்டது யார் என்று சொல்வது. அச்சடிக்கும் பகுதியைக் கைகாட்டியது. பாவம், அது கேட்டதைவிட வேகமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிறைய வாங்குகிறவன் வேறு, வாங்கியதைத் தராதவன் வேறு என்று எங்களுக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

"என்னங்க, அண்ணன் வீட்டுல பெயின்ட் உரிய ஆரம்பிச்சிடுச்சாம்," என்றார் மனைவி.

மூன்றாவது கருவி மெமரியைப் படம் பிடிப்பது. பேருந்து நிலையத்தில் நிஜமாக ஓடும் மென்பொருளைக் காலையில் ஒரு படம், மூச்சு முட்டும் முன் ஒரு படம் எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டதில், விற்று முடிந்த டிக்கெட்டுகளின் நகல்கள் மட்டும் ஊதிப் பெருத்திருந்தன. யார் அவற்றை விடாமல் பிடித்திருக்கிறார் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனார். போய் நின்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அது ஒரு கண்காணிப்பு நிரல். எப்போதோ வேறொரு கசிவைத் தேடிய ஒருவர், எந்த டிக்கெட்டில் தப்பு நடக்கிறது என்று பார்க்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லி எழுதியது. அந்தக் கசிவு அப்போதே அடைபட்டுவிட்டது. காவலுக்கு வந்தவர்தான் இன்னும் வீட்டைவிட்டுப் போகாமல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "எந்த மடையன்யா இதை எடுக்காம விட்டது?"

"மேலேயே பேர் போட்டிருக்கு, சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை.

"எத்தனை நாள் லீவு வேணும்?"

"ஒரு வாரம், சார்."

"பத்து நாளா எடுத்துக்கோயேன். ஆனா போறதுக்கு முன்னாடி, மறுபடி கசியுதான்னு பார்க்க ஏதாவது ஒண்ணு போட்டுட்டுப் போ."

"வேண்டாம் சார்," என்றார் ரீஸ்டார்ட் சார், கையெடுத்துக் கும்பிட்டு.

நிரலை நீக்கி, ஒரு நாள் மத்தியானத்தைத் தாண்டி ஓடுகிறதா என்று சோதனைக் கணினியில் பார்த்து, பேருந்து நிலையத்திலும் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்.

அங்கே நடந்ததை அவரே பிறகு சொன்னார். மச்சான் வீட்டு வாசலில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சரியாக மத்தியானம் கைப்பேசி அடித்திருக்கிறது. பேருந்து நிலைய எண். மனைவியின் முகம் மாறிவிட்டது. மச்சான் பெட்டியை எடுத்து வைக்கவே எழுந்துவிட்டார்.

"சார், நான் மூணாம் கவுன்ட்டர் அக்கா பேசறேன். இங்க பெரிய பிரச்சினை."

"என்னம்மா, நின்னுடுச்சா?"

"நிக்க மாட்டேங்குது சார்! இந்நேரத்துக்கு எப்பவும் அரை மணி நேரம் நிக்கும், நாங்க சாப்பிடப் போவோம். இன்னைக்கு ஓடிக்கிட்டே இருக்கு. கூட்டம் எழுந்திருக்க விடமாட்டேங்குது. எப்ப சார் நிக்கும்?"

மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"இனிமே நிக்காது அக்கா. ஜன்னலைச் சாத்திட்டு நீங்களே எழுந்து போய்ச் சாப்பிடுங்க."