அம்மா படிக்காத பத்திரம்

தம்பி செல்போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தான்: "அக்கா, ஆத்தூர் தோப்ப விக்கிறேன். பத்திரத்தப் படிக்க வேணாம், கையெழுத்து மட்டும் போடு."

உடனே தோல் நாற்றம் மூக்கில் ஏறியது. தோல் பதனிடும் தோல்ஷாப்பிலிருந்து வந்த சட்டையோடு, எங்களைப் பெற்ற அத்தா, அம்மாவின் வீட்டை எழுதி வாங்கப் பத்திரம் நீட்டிய நாளின் நாற்றம் அது. அம்மா தமிழை அரபு எழுத்தில்தான் படிப்பாள். சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் கற்றது அவ்வளவுதான்.

"நம்ம எழுத்துல எழுதித் தாங்க, படிச்சுட்டு வைக்கிறேன்."

"பொட்டச்சி எழுத்துல பத்திரமா? வைடி கைநாட்ட!"

அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தினார். அதன்பின் அம்மா அந்த எழுத்தை எனக்கு மட்டும் கற்றுக்கொடுத்தாள். தம்பி அத்தா கட்சி, ஓதவும் போகாதவன்.

இன்று அரபு எழுத்தில் தமிழை எழுதி, படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன்: "போட மாட்டேன், போடா."

படித்துச் சொல்ல ஆள் தேடி அலையட்டும்.