தெகிவளையில் ஒரு அறை

கொழும்புக்குப் பக்கத்தில், தெகிவளையில் நான் வாங்கிய மாடிவீட்டில் ஒரேயொரு படுக்கையறை. அதை வாங்குவதற்காகக் கோப்பாயில் நான் சொன்ன பொய்யும் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய் வேலை செய்த அளவுக்கு அந்த வீட்டின் தண்ணீர்ப் பைப்புகூட ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

தொண்ணூற்றுமூன்றில் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு மத்திய கிழக்கில் வேலை. கொழும்புக்குத் தெற்கே எங்கு பார்த்தாலும் மாடிவீடுகள் எழும்புகின்றன, இப்போது வாங்காவிட்டால் பிறகு எட்டாது, மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். எனக்கும் ஆசைதான், ஏன் மறைக்க வேண்டும்? பிளேன் சத்தம் கேட்டதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடத் தேவையில்லாத வீடு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது இயக்கம் தரும் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீடு வாங்கப் போகிறேன் என்றால் விடுவார்களா? மகனின் கண்ணைக் கொழும்பில் டொக்டரிடம் காட்ட வேண்டும், ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

எனக்காகப் பிணை நின்றவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர். கணவரை இழந்தவர், மூன்று வீடு தள்ளி இருந்தார். அவரிடமும் அதே கண் கதையைத்தான் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். கொழும்பில் வேலை பார்த்த தன் ஒரே மகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் வெயிலில் காயவைத்த பனங்காய்ப் பினாட்டு ஒரு பார்சல் தந்தார்.

"தம்பின்ரை கண்ணை வடிவாக் காட்டும். கெதியா வாரும்," என்றார்.

கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். மகனின் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. காசு கட்டிய மாடிவீட்டின் கட்டட வேலைதான் இன்று முடியும், நாளை முடியும் என்று இழுபட்டது. அதற்குள் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஒரு மாதம் ஐந்து மாதமானது.

அப்போதுதான் ரீச்சரின் கடிதம் வந்தது. மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறதாம். ஆவணியில் கொழும்பில் கலியாணம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "நீர் வந்தால்தான் எனக்குப் பாஸ் தருவினம். கோவியாதையும், கேக்கிறதுக்கு எனக்கு வேறை வழியில்லை."

கோபப்பட வேண்டியவர் அவர். கோவியாதையும் என்று என்னிடம் கெஞ்சுகிறார். வெட்கத்தில் அந்தக் கடிதத்தை இரண்டாம் தரம் படிக்க முடியவில்லை.

போயிருக்கலாம். மகனைத் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய் முகத்தைக் காட்டியிருக்கலாம். போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்த வாரம்தான் வீட்டுச் சாவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாவியைப் பற்றி இப்போதுதான் சொல்கிறேன். ரீச்சருக்குப் பதிலும் போடவில்லை.

அவருடைய மகள் யாரோ வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தாள். கலியாணப் பெண் உடுத்தி வெளிக்கிட ஒரு வீடு வேண்டுமே என்று என் வீட்டைக் கொடுத்தேன். பெரிய தருமப்பிரபு நான்! பெயின்ற் மணம் போகாத அந்த அறையில் என் கையாலேயே அவளுக்குச் சேலைக் கொசுவம் பிடித்தேன். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஏன் அன்ரி பாஸ் குடுக்கேல்லை? எத்தினை தரம் கேட்டும் அவ எழுதிறா இல்லை."

என் வாயில் சேலைக்குக் குத்தும் ஊசிகள் இரண்டு இருந்தன. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

கலியாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் ரீச்சரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், நாலைந்து வரிதான்.

"பிள்ளை உம்மடை வீட்டிலையிருந்துதான் வெளிக்கிட்டதெண்டு எழுதியிருந்தாள். பெரிய உபகாரம். நீர் வராததாலைதான் எனக்குப் பாஸ் கிடைக்கேல்லை எண்டு அவளுக்கு நான் சொல்லேல்லை. நீரும் சொல்லிப்போடாதையும், பிறகு உம்மோடை கோவிச்சுப்போடுவாள். தம்பின்ரை கண் சுகம் வந்திட்டுதே?"